ஹோல்டு போட்ட கடலை உருண்டை

வேளாண்மைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் கண்ணுகளுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கொங்குச் சீமையில் உங்களை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். காட்டில் (இங்கே மானாவாரி வயலுக்குக் காடு என்றுதான் பெயர்) நின்றுகொண்டு நீங்கள் தொண்டை கிழியப் பேசுவீர்கள். எதிரே நிற்பவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "சரிங்க, செஞ்சர்லாமுங்க" என்பார். புல்லரித்துப் போய் ஆபீசுக்குத் திரும்பி அறிக்கை எழுதுவீர்கள். மறுவாரம் போய்ப் பார்த்தால் அதே மரியாதையோடு அதே தப்பைச் செய்துகொண்டிருப்பார். நான் தெக்கத்திக்காரி. எங்கள் பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் "போம்மா, சோலியப் பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இங்கே ஒரு 'சரிங்க'வில் எத்தனை ரகம் உண்டு என்று தெரிந்துகொள்வதற்குள் எனக்குப் பாதி சர்வீஸ் கரைந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த அதிகாரி ஒரே ஒரு விதிதான் சொல்லிக் கொடுத்தார். பயிர், உரம், மருந்து எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் கொடுப்பதை மறுக்காதே, குடித்துவிட்டு அப்புறம் பேசு. அந்த விதியை வேதம்போலக் கடைப்பிடித்தவள் நான். நீர்மோர், கம்மங்கூழ், ஆறிப்போன காப்பி, ஈ குளித்துவிட்டுப் போன டீ, எதையும் மறுத்ததில்லை. என் வயிறு அரசாங்க ஊழியத்தில் பட்ட பாட்டுக்குத் தனியாகப் பென்ஷன் கொடுக்க வேண்டும். அந்த விதியை ஒரே ஒரு நாள் மீறவேண்டி வந்தது. அதுவும் மேடையில், சால்வையும் தோளுமாக, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

திருப்பூரை அடுத்த பொங்கலூர்ப் பக்கம் சிறு விவசாயிகள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ஒரு ஏக்கர், இன்னொருவருக்கு இரண்டு, எல்லாம் மானாவாரிக் கடலைக்காய். தலைவர் சென்னியப்பன். அவருக்குத் தோட்டமும் உண்டு, வேலம்பாளையத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனியும் உண்டு. குழுவில் பாதிப் பேர் வாரநாளில் ஏதாவது ஒரு கம்பெனியில் டெய்லர், கட்டிங், செக்கிங் என்று இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் விவசாயி ஆவார்கள்.

இவர்களுடைய முதல் லோடை வெளியூர் மிட்டாய்க் கம்பெனி ஒன்று வாங்குவதாகச் சொல்லி, சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. அஃப்லாடாக்சின். கடலையில் பிடிக்கும் ஒரு பூஞ்சணம் விட்டுப்போகும் நஞ்சு அது. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. வருஷக்கணக்கில் தின்றால் ஈரலுக்கே உலை வைக்கும். இன்னொரு லோடும் இப்படி வந்தால் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

எங்கே தப்பு என்று தேடிப் போனேன். மிஷினில் போட்டு உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாதென்று, முதல் நாளே காயின்மேல் தண்ணீர் தெளித்து மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல மாமியார் வீடு கிடைக்காது. எல்லோரும் காலங்காலமாகச் செய்வதுதான். இதில் சென்னியப்பன் ஒரு படி மேலே போய், ஈரத்தை இழுத்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஏற்றுமதிப் பெட்டியில் போடும் குட்டிச் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டிருந்தார். "ஒரு மூட்டைக்கு ஒண்ணுங்களா?" என்று கேட்டேன். "பத்தாதுங்களா மேடம்?" என்றார். குடம் தண்ணீரைத் துடைக்கக் கைக்குட்டை கொண்டுவந்த மனுஷனை நான் எப்படித் திட்டுவது?

ஆனால் அடுத்த விளைச்சலுக்கு அதே மனுஷன் என்னை அசத்திவிட்டார். செடியைப் பிடுங்கியதும் காயை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைத்தார்கள். தண்ணீர் தெளிப்பதை அடியோடு நிறுத்தினார்கள். நொறுங்கினது நொறுங்கிப் போகட்டும் என்று விட்டார்கள். பிறகு உடைத்த பருப்பை எல்லாம் அவர் தன் கம்பெனிக்குக் கொண்டுபோய், பனியன் பார்க்கிற செக்கிங் டேபிள்மேல் கொட்டினார். மேலே பளீரென்று டியூப்லைட், கீழே வெள்ளைப் பலகை. பனியனில் எறும்புக் கண் அளவு ஓட்டை இருந்தாலும் பிடித்துவிடுகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி குத்தினது, தோல் கிழிந்தது எல்லாவற்றையும் கழித்தார்கள். நஞ்சு இருப்பது பெரும்பாலும் அந்த மாதிரிப் பருப்பில்தான். லோடு சோதனையில் சுத்தமாகத் தேறியது. என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஏதோ நானே உட்கார்ந்து பொறுக்கியதுபோல் மேலதிகாரிக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் செக்கிங் டேபிளில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் ஆரோக்கியமேரி. சென்னியப்பனின் கம்பெனியில்தான் வேலை. ஊருக்கு மேற்கே காலனியில் வீடு. புருஷனும் அவருமாக முக்கால் ஏக்கர் காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கடலைக்காய் போட்டிருந்தார்கள். காலனியிலிருந்து குழுவில் சேர்ந்த ஒரே ஆள் அவர்தான். கூட்டத்துக்கு வந்தால் கதவுப் பக்கம் உட்காருவார். டீ வரும். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் வரும், மேரிக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். நான் ஒருமுறை கேட்டேன். சென்னியப்பனின் பெரியப்பா, வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாத மனுஷர், "டம்ளர் பத்தலீங்க மேடம்" என்றார் பரம மரியாதையாக. அனுப்பர்பாளையத்தில் ஊரே பாத்திரம் செய்து குவிக்கிறது. அது இருக்கிற மாவட்டத்தில் டம்ளர் பற்றாக்குறை! அடுத்த கூட்டத்திலும் பற்றவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் பற்றவில்லை. மேரி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

லோடு கிளம்புகிற நாளில் சின்ன விழா வைத்தார்கள். சாமியானா, மைக், எனக்கு ஒரு சால்வை, சென்னியப்பனுக்கு ஒரு மாலை. களத்து ஓரத்தில் லாரி மூட்டையோடு தயாராக நின்றது. மிட்டாய்க் கம்பெனியிலிருந்து வந்த பையன் ஒருவன் பில்லோடு நின்றான். வருகிறவர்களுக்கு நம்ம கடலையிலேயே உருண்டை பிடித்துக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "நான் செய்யறனுங்க" என்று மேரி சொன்னாராம். கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. சென்னியப்பனும் சரி என்றுவிட்டார். அவர் சொன்னது நிஜமான 'சரிங்க'. ஆனால் சுற்றி இருந்த சிலரின் 'சரிங்க' வேறு ரகம். அது எனக்கு மேடை ஏறும்போதே தெரிந்தது. மேரி தாம்பாளத்தோடு வரும்போது முன்வரிசையில் சிலர் திடீரென்று போனை நோண்ட ஆரம்பித்தார்கள். பெரியப்பா தமக்குச் சர்க்கரை இருப்பதாகப் பக்கத்து ஆளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பின்னாலிருந்த குழந்தைகளுக்கு மட்டும் அந்தக் கவலை எதுவும் இல்லை. தாம்பாளத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேடம் முதலில் எடுத்தால்தான் மற்றவர்களுக்கு என்று ஏற்பாடு. மேரி என் முன்னால் நின்றார். புதுச் சேலை. நெற்றியெல்லாம் வேர்வை. நான் ஓர் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, சும்மா பேச்சுக்குச் சென்னியப்பன் பக்கம் திரும்பி, கழித்துப் போட்ட கடலை எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

அவர் முகம் பெருமையில் மலர்ந்தது. "வீணாக்குவமுங்களா? செகண்ட்ஸ் தானுங்க மேடம். அதுல புடிச்சதுதானுங்க இந்த உருண்டை."

திருப்பூருக்கு வந்து நாலு நாள் ஆனாலே உங்களுக்கு இது புரிந்துவிடும். இந்த ஊரில் எதையும் யாரும் எறிய மாட்டார்கள். ஓட்டை விழுந்த பனியனுக்கு ஒரு வியாபாரி, கறை பட்ட பனியனுக்கு ஒரு வியாபாரி, வெட்டிய துண்டுத் துணிக்கு ஒரு வியாபாரி, அந்தத் துண்டிலிருந்து உதிர்கிற பஞ்சுக்கும் ஒரு வியாபாரி உண்டு. கழிவு என்கிற வார்த்தையே இங்கே கிடையாது, செகண்ட்ஸ்தான். ஊரையே வாழவைத்த புத்தி அது. அந்தப் புத்திதான் நஞ்சு இருக்கிற பருப்பை எல்லாம் ஒரு லோடிலிருந்து தேடித் தேடிப் பொறுக்கி, ஒரே இடத்தில் சேர்த்து, வெல்லப் பாகு ஊற்றி, என் கையில் கொடுத்திருந்தது.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தின்றால் பின்னால் வருகிற அத்தனை குழந்தைகளும் தின்னும். ஓர் உருண்டையில் யாரும் விழுந்துவிட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் மேடமே தின்றார் என்று ஆகிவிட்டால் அந்த ஊரில் கழித்த கடலை வருஷா வருஷம் உருண்டையாகும். தின்னாவிட்டால் என்ன ஆகும்? அஃப்லாடாக்சின் என்று நான் மைக்கில் எவ்வளவு கத்தினாலும் ஒருத்தர் காதிலும் ஏறாது. மேரி செய்ததை மேடம் தொடவில்லை என்பதுதான் ஏறும். போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் நிம்மதியாக நிமிர்ந்து உட்காருவார்கள். நான் வாங்கிய பட்டமும் படித்த படிப்பும் எட்டணாவுக்குப் பிரயோஜனம் இல்லாமல் நின்றன. வெல்லம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்தது.

உருண்டையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். மேரியைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன்.

"யாரும் வாயில வைக்காதீங்க. இந்த லாட்டு ஹோல்டு."

பாதிக் கூட்டம் பனியன் கம்பெனி என்றேனே, குறை தெரிந்த சரக்கை அப்படியே நிறுத்திவைக்கச் சொல்லும் ஹோல்டு என்ற வார்த்தைக்கு அத்தனை கையும் தானாக இறங்கியது. பிறகு கேட்டேன். சின்னக் குழந்தைக்குத் தைக்கிற துணியில் ஊசி உடைந்து, முனை மட்டும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் கம்பெனியில் என்ன செய்வீர்கள் என்று. லைனை நிறுத்துவோம், தேடுவோம், தரையெல்லாம் கூட்டிப் பார்ப்போம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அப்படியும் கிடைக்காவிட்டால்? அந்த லாட்டே வெளியே போகாது என்றார்கள். எத்தனை பீஸ் இருந்தாலுமா? எத்தனை இருந்தாலும்தான் என்றார்கள்.

நான் சென்னியப்பனைப் பார்த்து, "ஏனுங்க, அதைச் செகண்ட்ஸ்ல போட்டு விக்கலாம்ல?" என்றேன்.

"அதெப்படிங்க மேடம், ஊசி உடைஞ்ச லாட்டைப் போயி யாராச்சும் செகண்ட்ஸ்ல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். குழந்தைகளைப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கி, ஏற்கெனவே ஓர் உருண்டையை லவட்டியிருந்த தன் பேத்தியின் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். அது ஊரைக் கூட்டி அழுதது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மூச்சு விட்டேன். அவசரப்பட்டு விட்டுவிட்டேன். பெரியப்பா எழுந்தார். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் காணாத உற்சாகம். அதனாலென்னங்க, மேடமே சொல்லீட்டாங்க, பொங்கலூர்ப் பேக்கரிக்கு ஆள் அனுப்பினால் நாலு பெட்டி பிஸ்கட் வந்துவிடும், எல்லோருக்கும் கொடுத்து விழாவை முடித்துவிடலாம் என்றார். முன்வரிசையில் நாலைந்து தலை பலமாக ஆடியது. இந்த ஊரில் நான் பார்த்ததிலேயே அவ்வளவு அவசரமான 'சரிங்க' அதுதான்.

மேரி தாம்பாளத்தை முந்தானையால் மூடினார். என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பிஸ்கட்டே குடுங்க மேடம். எனக்குப் பழக்கந்தானுங்க."

எனக்குக் கோபம் வந்தால் தெக்கத்தித் தமிழ் வந்துவிடும். ஒரு பிஸ்கட்டும் வேண்டாம், பேக்கரிப் பக்கம் எவனாவது வண்டியை எடுத்தால் தெரியும் சேதி என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். கெட்டது கடலை, கை இல்லை. நல்ல கடலை லாரி நிறைய நிற்கிறது. இதே கையால், இதே இடத்தில், மறுபடியும் உருண்டை பிடிக்கட்டும், அதைத் தின்றுவிட்டுத்தான் இந்த லாரி நகரும் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா? கிடையாது. லாரி மிட்டாய்க் கம்பெனியுடையது, கடலை குழுவுடையது, களம் பெரியப்பாவுடையது. எனக்குச் சொந்தமாக இருந்தது சால்வை மட்டும்தான்.

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். எடை போட்டுப் பில் எழுதித் தார்ப்பாய் கட்டிய லோடு அது. அந்த லோடு தேறவேண்டும் என்று அவர் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தார் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா தொண்டையைச் செருமினார். சென்னியப்பன் அவர் பக்கம் திரும்பவில்லை. போய் லாரிமேல் ஏறி, கயிற்றை அவிழ்த்து, ஒரு மூட்டையைத் தோளில் வாங்கிக் கொண்டுவந்து மேரியின் காலடியில் இறக்கினார். கம்பெனிப் பையனைப் பார்த்தேன். ஒரு மூட்டை குறைத்துப் பில்லைத் திருத்திக்கொள்வதாகவும், ஆனால் தனக்கு இரண்டு உருண்டை வேண்டும் என்றும் சொன்னான். நல்ல பிள்ளை, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

சாமியானாவுக்கு முன்னாலேயே அடுப்பு வந்தது. சென்னியப்பன் வீட்டிலிருந்து அச்சுவெல்லம் வந்தது. மேரி கடலையை வறுத்துத் தோலை ஊதிப் பாகில் கொட்டினார். உங்களில் யார் யாருக்கு உருண்டை பிடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பாகு சூடாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும், ஆறினால் பாறை. இத்தனை கூட்டத்துக்கு ஒரு ஆள் கை போதாது. சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பனின் மனைவி, அதுவரை நாற்காலியைவிட்டு அசையாதவர், சேலையைச் செருகிக்கொண்டு மேரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு செக்கிங் பெண்கள் வந்தார்கள். நானும் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கதவோரத்தில் வாய் திறக்காமல் இருந்த மேரியா இது என்று இருந்தது. "சுருக்காப் புடிங்க, பாகு எறுகுது" என்று முதலாளியம்மாவையே விரட்டினார். எனக்கு உள்ளங்கை சிவந்து ஊ, ஆ என்று ஊதிக்கொண்டிருந்தேன். "மேடம், நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று என்னைக் கழித்துவிட்டார். செக்கிங்கில் ரிஜெக்ட் ஆன முதல் வேளாண் அலுவலர் நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையே கழித்த கடலையில் மிச்சம் இருந்ததையும், பழைய உருண்டைகளையும் களத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். சென்னியப்பன் மாலையைக் கழற்றிவிட்டு, இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார். ஒரு நூலைக்கூட எறியாத மனுஷன் பாவம். செக்கில் போட்டு எண்ணெய் எடுக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். புண்ணாக்கையாவது மாட்டுக்கு வைக்கலாமா என்றார். மாட்டுக்கு வைத்தால் பாலில் வரும், அந்தப் பாலை உங்கள் பேத்திதான் குடிப்பாள் என்றேன். அதற்குப் பிறகு மண்வெட்டியை வாங்கி அவரே மண்ணைத் தள்ளினார்.

புது உருண்டை வந்தது. முதலில் நான் தின்றேன். டாக்டர் இனிப்பைத் தொடக்கூடாது என்று எனக்கும் சொல்லியிருக்கிறார். மூன்று தின்றேன். அழுது ஓய்ந்திருந்த பேத்தி கைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டாள். சென்னியப்பன் தின்றார், அவர் மனைவி தின்றார், பிறகு போனை நோண்டிய கும்பலில் முக்கால்வாசி தின்றது. வேறு வழியும் இல்லை. எந்த உருண்டை யார் கை என்று பிரிக்கவும் முடியாது. ஒன்றிரண்டு பேர் வேலை இருக்கிறது என்று கிளம்பினார்கள். பெரியப்பா சர்க்கரை என்று சொல்லித் தொடவே இல்லை. அவரைத் திருத்த என் சர்வீஸ் போதாது என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்குப் பயிற்சியில் நஞ்சைப் பற்றி எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். காயவை, நனைக்காதே, பொறுக்கு, கழித்ததைப் புதை என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். பிஸ்கட்டைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தப்பை நீங்கள் சரியாக நிறுத்துகிற அதே நிமிஷத்தில், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு இன்னொன்று நைசாக உள்ளே வரும். மரியாதையாகத்தான் வரும். அதற்கும் சேர்த்து நில்லுங்கள்.

கடைசியில் டீ வந்தது. கூட்டத்துக்கு நடுவில் சென்னியப்பன் டீக்கடைக்கு ஏதோ போன் போட்டதைப் பார்த்திருந்தேன், என்னவென்று கவனிக்கவில்லை. எனக்கு ஒரு பேப்பர் கப் வந்தது. சென்னியப்பனுக்கும் அவர் மனைவிக்கும் பேப்பர் கப். மேரி வழக்கம்போல் எழுந்து கதவோரம் தேடினார், அங்கே கதவே இல்லை, சாமியானாதானே. என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவிடமும் ஒரு பேப்பர் கப்பை நீட்டினார்கள். அவர் அதை வாங்காமல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏப்பா, எனக்குமா இது?" என்று கேட்டார்.

சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, அவ்வளவு பணிவாகச் சொன்னார். மேரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"டம்ளர் பத்தலீங்க பெரியப்பா."